கஞ்சிக் கட்டும் சுவருக்குப் பின்னால் ஒரு பாட்டும்

கார் விபத்தில் என் கை போகப் பார்த்தது என்று சொன்னால், கேட்கிறவர்கள் கண்ணை அகல விரிக்கிறார்கள். மலையிலிருந்து உருண்டோம், நாலு பேர் செத்தார்கள், நான் மட்டும் தப்பினேன் என்று கதை வரப்போகிறது என்று நினைத்து நன்றாகச் சம்மணம் போட்டு உட்காருகிறார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கார் ஓடியதே மாட்டு வண்டியைவிடக் கொஞ்சம் வேகமாகத்தான். யுத்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் காருக்குப் பின்னால் ஒரு அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டு, அந்தப் புகையில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மேடு வந்தால் ஆண்பிள்ளைகள் இறங்கித் தள்ளவேண்டும். அந்தக் காரில் எனக்குப் பட்டது சின்ன அடி. கையைக் கெடுத்தது கார் இல்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் பாளையம்பட்டியில் தறி போட்டிருந்தோம். வீட்டுக்குள் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். எங்களுக்குள் பேசிக்கொண்டதையும் தமிழிலேயே எழுதிவிடுகிறேன், யாருக்கும் சிரமம் வேண்டாம். என் வீட்டுக்காரர் நெய்வார். நான் ராட்டினத்தில் நூல் சுற்றிக் கொடுப்பேன். எங்கள் துணியை வாங்கி விற்கிற வீரசோழன் ஊர்க்கார ராவுத்தர் அன்றைக்கு வாடகைக் கார் பிடித்து வந்திருந்தார். அவர் ஊருக்குத் திரும்புகிற வழியில்தான் திருச்சுழி. அங்கே கோயிலில் எங்கள் பெண் குழந்தைக்கு முடியிறக்க வேண்டும் என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

"ஏறுங்க தாயி. எறக்கி விட்டுட்டுப் போறேன். பஸ்ஸுக்கு நின்னா பொழுது போயிரும்" என்றார் ராவுத்தர்.

நானும் என் வீட்டுக்காரரும் அவருடைய தங்கை நாகம்மாவும் ஏறினோம். குழந்தை என் மடியில். முதல் தடவையாகக் காரில் போகிறேன். தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. நான் வேண்டுமென்றே யாரையும் பார்க்காமல் நேராக உட்கார்ந்திருந்தேன்.

திருச்சுழிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஆட்டு மந்தை குறுக்கே பாய்ந்தது. டிரைவர் ஒடித்தார். கார் ரோட்டை விட்டு இறங்கி, தண்ணீர் இல்லாத ஓடையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. உருளக்கூட இல்லை. குழந்தையை நான் வலது கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். இடது கை கதவுக்கும் சீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. உள்ளே என்னவோ முறிந்த மாதிரி இருந்தது. குழந்தை அழவே இல்லை. எல்லோரும் இறங்கி ஒருவர் மூஞ்சியில் இருந்த கரியை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

முன்னங்கை வீங்க ஆரம்பித்ததும் ராவுத்தர்தான் பயந்தார். "டவுனு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவோம்ப்பா" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

"சின்ன முறிவுதான் பாய். நான் கட்டிருவேன்" என்றார் இவர்.

வீட்டுக்குத் திரும்பியதும் கட்டவும் கட்டினார். நெசவுக்காரர்களுக்கு நூல் நிற்கவில்லை என்றால் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்றுதான்: கஞ்சி. பாவு நூலைத் தெருவில் நீட்டி, கஞ்சி போட்டு, வெயிலில் காயவைத்தால் சோப்ளாங்கி நூலும் விறைத்துக்கொண்டு நிற்கும். எலும்பு மட்டும் என்ன உசத்தி என்று நினைத்தார் போலிருக்கிறது. தறியிலிருந்து அன்றைக்குத்தான் இறக்கின துணி, ஒரு தடவைகூடத் தண்ணீர் படாதது, அதில் கிழித்தார். பாவுக்குக் காய்ச்சி வைத்திருந்த கெட்டிக் கஞ்சியில் நனைத்தார். மூங்கில் சிம்பு வைத்து மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் சுற்றுக்கு மேல் சுற்றாகச் சுற்றினார். வாசலில் என்னை உட்காரவைத்துக் கையை வெயிலில் நீட்டச் சொன்னார். அவ்வளவு பிரியமாகச் செய்தார். விரல் நுனிகளில் வழிந்த கஞ்சியைத் தன் வேட்டியாலேயே துடைத்துவிட்டார்.

புதுத் துணி நனைந்தால் சுருங்கும் என்பது எங்கள் தெருவில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். விற்கும்போது அதைச் சொல்லித்தான் விற்போம். கஞ்சி காய்ந்தால் இறுக்கும் என்பதும் தெரியும். ரெண்டும் சேர்ந்து ஒரு வீங்கிய கையை என்ன செய்யும் என்பது மட்டும் அன்றைக்கு ஒருத்தர் புத்திக்கும் எட்டவில்லை, என் புத்திக்கும்தான். தெருப் பெரியவர்கள் வந்து, பாவு காய்ந்ததா என்று பார்க்கிற மாதிரியே கட்டை விரலால் சுண்டிப் பார்த்தார்கள். பலகை மாதிரி டங்கென்று சத்தம் வந்தது. "என்னமாக் கட்டியிருக்கான்!" என்று மெச்சிவிட்டுப் போனார்கள்.

ராத்திரி வலி கொன்றது. "இறுக்கமா இருந்தாத்தான் ஒட்டும், பொறுத்துக்கோ ருக்கு" என்றார். மறுநாள் விரல்கள் வீங்கி ஊதா நிறமாயின. அதற்கு மறுநாள் வலி நின்றுவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். குழந்தை என் சுண்டு விரலைப் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தது. கடிப்பது எனக்குத் தெரியவே இல்லை. குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். டவுனுக்குக் கொண்டு போங்கள் என்று அலறினேன்.

டவுன் ஆஸ்பத்திரியில் கத்தரிக்கோல் அந்தக் கட்டுக்குள் நுழையவில்லை. டாக்டர் ஈரத்துணி போட்டு ஊறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினார். வெட்டி விரித்ததும் நர்ஸம்மா மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். கொப்புளம் கொப்புளமாகத் தோல் உரிந்து, சுண்டு விரலும் பக்கத்து விரலும் கறுத்திருந்தன.

"யார் இதைக் கட்டினது?"

என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, "நாந்தான் சாமி" என்றார்.

டாக்டர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டி முடித்து, எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். எலும்பு முறிந்தது பெரிய விஷயமே இல்லை. சரியாகக் கட்டியிருந்தால் தானாகக் கூடியிருக்கும். கட்டு இறுக்கியதில் விரலுக்கு ரத்தம் போகிற வழி அடைந்துவிட்டது. தண்ணீர் பாயாத பயிர் மாதிரி சதை கருகிக்கொண்டிருக்கிறது. கருகினது கருகினதுதான், திரும்பி வராது. கருகல் எந்த இடத்தில் நிற்கும் என்பதைக் காத்திருந்துதான் பார்க்க வேண்டும். மணிக்கட்டைத் தாண்டி ஏறினால் அழுகல் விஷம் உடம்பெல்லாம் பரவும். அதற்கு முன்னால் முழங்கைக்கு மேலே வெட்டி எடுத்தாக வேண்டும்.

இதைச் சொல்லிவிட்டு, நாக்கில் தொட்டு எழுதுகிற ஊதாப் பென்சிலை எடுத்து என் மணிக்கட்டைச் சுற்றி ஒரு கோடு போட்டார். "இதைத் தாண்டாம இருக்கணும்னு சாமியைக் கும்பிடும்மா" என்றார்.

நான் சாமியைக் கும்பிடவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "இனி என் மூஞ்சியில முழிக்காதீங்க" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். புருஷனை அப்படிச் சொல்கிறாளே என்று ஆயா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இவர் திரும்பி நடந்தார். அதற்குப் பிறகு வார்டுக்குள் வரவில்லை.

பொம்பிளை வார்டு நீளமான ஓட்டுக் கட்டடம். என் கட்டில் கடைசியில், சுவரோரம். தலைக்கு மேலே உயரத்தில் கம்பி போட்ட ஒரு சன்னல். பக்கத்துக் கட்டிலில் பேச்சி என்று நரிக்குடிப் பக்கத்து அம்மாள். கூலி வேலை செய்கிறவள், என்னைவிட மூத்தவள். காலில் கருவேல முள் ஏறிப் புரையோடிக் கிடந்தாள். நாகம்மா வந்ததும் எங்கள் தண்ணிப் பானையைப் பேச்சியின் கட்டிலை விட்டுத் தள்ளி வைத்தாள். பேச்சி அதைப் பார்த்துச் சிரித்தாள். "பானைய எதுக்குத்தா தூக்கிட்டு அலையிறே? ஒங்க தண்ணிய நான் தொடல" என்றாள். பிறகு ஒருநாள் நாகம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, காய்ச்சலில் நாக்கு வறண்டு நான் முனகினேன். பேச்சிதான் காலை இழுத்துக்கொண்டு வந்து அதே பானையிலிருந்து மொண்டு என் வாயில் ஊற்றினாள். தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது. அன்றிலிருந்து அவளை அக்கா என்று கூப்பிட்டேன். நாகம்மாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பானையைத் தள்ளி வைப்பதை விட்டுவிட்டாள்.

இனி காலை நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீக்கம் வடிய டாக்டர் முன்னங்கையை நீளவாக்கில் கீறி விட்டிருந்தார். அந்தப் புண்ணில் துணியைத் திணித்துக் கட்டுவார்கள். காலையில் அது சீழும் ரத்தமுமாகச் சதையோடு ஒட்டிப்போய்க் கிடக்கும். வெந்நீரை விட்டு விட்டு இழுத்துப் பிய்த்து எடுத்து, உள்ளே சுரண்டி, மருந்துத் தூளைத் தூவி, புதுத் துணியைத் திணிப்பார்கள். செத்த விரலில்தான் வலி இல்லை. அதற்கு மேலே எல்லாம் உயிரோடுதான் இருந்தது. மயக்க மருந்து ஆபரேஷனுக்கு மட்டும்தான். நல்ல மருந்தெல்லாம் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம். அந்த வெள்ளைத் தூள்கூட ஆஸ்பத்திரியில் தீர்ந்துபோய், வீரசோழன் ராவுத்தர் மதுரையில் யார் யாரையோ பிடித்து வாங்கி அனுப்பினார். அவர் காரில் ஏறியதால் வந்த வினை என்று அவருக்கு ஒரு உறுத்தல். நான் அப்படி நினைக்கவே இல்லை.

தள்ளுவண்டிச் சக்கரம் வார்டு வாசலில் கிறீச்சென்றதுமே எனக்கு மூத்திரம் வந்துவிடும். வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது, உள்ளதை எழுதுகிறேன். முதல் நாள் நான் கத்திய கத்தலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. தமிழ் மறந்து கன்னடத்தில் கத்தினேன். என்னைக் கொன்றுவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர்களுக்குப் புரியாதது நல்லதாய்ப் போயிற்று.

அப்போதுதான் சன்னல் வழியாக அந்தப் பாட்டு வந்தது.

வெளியே, சுவருக்கு அந்தப் பக்கம், யாரோ பஜனைப் பாட்டு ஒன்றை உரக்கப் பாடிக்கொண்டிருந்தார்கள். மார்கழியில் எங்கள் தெருவில் விடியற்காலை பாடுவதுதான், ராமர் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் படிப்படியாக மேலே ஏறுகிற பாட்டு. சுருதி எங்கேயோ, குரல் எங்கேயோ.

"யாருத்தா அது, வெள்ளன வந்து தொண்டையக் கிழிக்கிறது?" என்றாள் பேச்சியக்கா. "ஒனக்கு வலிக்கி நீ கத்துற. அவனுக்கு என்ன வலியோ!"

எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் குரலை உலகத்தில் எங்கே கேட்டாலும் தெரிந்துகொள்வேன். பஜனையில் இவருக்கு ஜால்ராதான் வேலை. தாளம் தப்பாது. ஆனால் வாயைத் திறந்தால் பாட்டு மொத்தமும் கோணிப்போகும் என்று பஜனைத் தலைவர் இவரை வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். அதில் இவருக்கு உள்ளூரத் தாங்காத வருத்தம். தறியில் தனியாக இருக்கும்போது மட்டும் மிதிக்கு மிதி பாடிக்கொள்வார். நான் ராட்டினத்தைச் சுற்றிக்கொண்டே, "அங்க தறி ஓடுதா, பூனை கத்துதா?" என்று கேட்பேன். இவரும் சிரிப்பார்.

அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெறிதான் வந்தது. கையையும் கெடுத்துவிட்டுப் பாட்டு வேறேயா என்று பல்லைக் கடித்தேன். ஆனால் மறுநாளும் அந்தப் பாட்டு வந்தது. தள்ளுவண்டி வந்து, நான் முதல் கத்தல் கத்தினதும் அது ஆரம்பித்துவிடும். கட்டுப் போட்டு முடித்து நான் அடங்கும் வரை விடாது.

"அண்ணன் வெளியதான் கெடக்கு மதினி" என்றாள் நாகம்மா. "தறிப்பக்கமே போகல. பேசவும் மாட்டேங்குது. உள்ள வரச் சொல்லட்டா?"

"வேண்டாம்" என்றேன்.

வேண்டாம் என்றேனே தவிர, அந்தப் பாட்டை நான் பிடித்துக்கொண்டேன். எப்படி என்று சொன்னால் சங்கீதம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அந்தப் பாட்டில் மூன்றாவது ஏற்றம் ஒன்று உண்டு. இவர் முதல் படி ஏறுவார், ரெண்டாவது ஏறுவார், மூன்றாவதில் கட்டாயம் சறுக்கி விழுவார். ஒருநாளும் தப்பியதில்லை. விழுந்ததும் ஒரு இருமல் இருமிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல அடியிலிருந்து ஆரம்பிப்பார். நர்ஸம்மா துணியை இழுக்க ஆரம்பிக்கும்போது, இதோ ஏறுகிறார், இதோ ரெண்டாவது, இதோ சறுக்கப்போகிறார் என்று அந்த இடத்துக்காகக் காத்திருப்பேன். சறுக்கும் வரை கத்தக் கூடாது என்று எனக்கு நானே ஒரு கட்டளை போட்டுக்கொண்டேன். சறுக்கினதும் ஒரு சின்னக் கத்தல். திரும்ப அடியிலிருந்து. வலி குறைந்தது என்று சொல்ல மாட்டேன். வலி குறையவே இல்லை. ஆனால் வலியைத் தவிர இன்னொன்றுக்கும் காத்திருக்க முடிந்தது. நல்ல குரலாக இருந்திருந்தால் இப்படிப் பிடித்துக்கொள்ள இடம் கிடைத்திருக்குமோ என்னவோ.

எனக்காகப் பாடுகிறார் என்று நினைத்தேன். உள்ளே வர முகமில்லாமல், சொல்ல வார்த்தையில்லாமல், பாடத் தெரியாத மனிதர் எனக்காகச் சுவரோரம் நின்று பாடுகிறார். அதை நினைக்க நினைக்கக் கோபம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. கத்தலும் குறைந்தது. சத்தம் போட்டால் பாட்டு எனக்குக் கேட்காதே!

"பாடுறது எங்க வீட்டுக்காரருக்கா" என்று பேச்சியக்காவிடம் சொன்னேன்.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அவுகளா? அடியாத்தி! இது தெரியாம என்னென்னமோ பேசிட்டனே" என்றவள், கொஞ்சம் பொறுத்து, "ஆனாலும் தாயி, அவுக தொண்டை தொண்டைதான்" என்றாள். அந்த ஆஸ்பத்திரியில் நான் சிரித்த ஒரே தடவை அதுதான்.

மற்றபடி சிரிக்க என்ன இருந்தது? காய்ச்சல் இறங்கவில்லை. கை நாறியது. என் கை நாறுகிறது என்று எனக்கே தெரிந்தது. சாப்பாட்டை வாயருகே கொண்டு போனால் அந்த நாற்றம் முந்திக்கொள்ளும். கருகல் விரல்களைத் தாண்டி உள்ளங்கையின் ஓரமாக ஏறி, மணிக்கட்டுப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. ஊதாக் கோடு அழியும்போதெல்லாம் டாக்டர் அதே இடத்தில் திரும்பப் போடுவார். அவர் போனதும் நான் கட்டை வெறித்துக்கொண்டே கிடப்பேன். துணிக்குள்ளே அது ஊர்வது போலவே இருக்கும். நாகம்மா குழந்தையைக் கொண்டுவந்தால், அது என்னைப் பார்த்துத் தாவும். நாற்றத்தில் முகத்தைச் சுளித்துத் திரும்பிக்கொள்ளும். பால் கட்டி மார் கல்லாகியிருந்தது. காய்ச்சலும் மருந்தும் இருக்கும்போது கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆட்டுப்பால் குடித்துப் பழகிவிட்டது.

இடது இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு வலது கையால் வேலை செய்வதுதான் பொம்பிளைகள் பிழைப்பு. இடது கை இல்லாதவள் பிள்ளையை எங்கே வைப்பாள்? ராட்டினத்தை வலது கை சுற்றினால் நூலை எது பிடிக்கும்? தெருவில் இப்போதே, ரெண்டாவது கல்யாணம் பண்ணிவைக்க வேண்டியதுதான் என்று பேச்சு ஆரம்பித்துவிட்டதாம். நாகம்மா அழுதுகொண்டே சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். செத்துப்போனால் எல்லோருக்கும் சுலபம் என்று தோன்றியது. தோன்றியது என்பது சும்மா, அதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை என்பதுதான் நிஜம்.

பிறகு ஒரு சாயங்காலம் டாக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கருகல் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"காலையில் பார்ப்பேன். தாண்டியிருந்தால் எடுத்துவிடுவோம். இனித் தள்ளிப்போட்டால் உன் உயிர் தங்காது" என்றார். "புருஷனை வரச்சொல். அவன் சம்மதம் வேண்டும்."

நாகம்மா போய்ச் சொன்னாள். அவர் எழுந்து கோயில் பக்கமாகப் போய்விட்டார் என்று திரும்பி வந்தாள். பேச்சியக்கா எழுந்து வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

காலையில் தள்ளுவண்டியோடு டாக்டரே வந்தார். எனக்குள் பயம்கூட மிச்சமில்லை. இந்தக் கையோடு நான் கேட்கப்போகிற கடைசிப் பாட்டு இது, ஒரு எழுத்துக்கூட விடாமல் கேட்டுவிட வேண்டும் என்று மட்டும் இருந்தது. போர்வை நுனியைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டேன். நர்ஸம்மா வெந்நீர் விட்டார். நான் கத்தவில்லை. அன்றைக்கு என் கத்தலுக்குக் காத்திராமல், சக்கரச் சத்தம் கேட்டதுமே வெளியே பாட்டு ஆரம்பித்துவிட்டது. முதல் படி. துணியை இழுத்தார்கள். கண் இருட்டியது, கத்தவில்லை. ரெண்டாவது படி. இதோ மூன்றாவது, இதோ சறுக்கப்போகிறார்.

சறுக்கவில்லை. பாட்டு அறுந்துவிட்டது.

ஒரு நிமிஷம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு வார்டு வாசலில் ஆயா கூச்சல் போட்டாள். "யோவ், பொம்பளைக இருக்காக! எங்கய்யா போறே?" அவளைத் தள்ளிக்கொண்டு இவர் ஓடி வந்தார். சவரம் பண்ணாத முகம், அழுக்கு வேட்டி. என் கட்டிலைப் பார்த்து நின்றார். என் கண் திறந்திருப்பதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் வாயிலிருந்து துணியை எடுத்துவிட்டு, "ஏன் நிறுத்திட்டீங்க?" என்றேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"ஒனக்குக் கேட்டுச்சா?"

"கேக்காம? அதக் கேக்கத்தானே வாய மூடிக்கிட்டுக் கெடந்தேன். எனக்காகத்தானே பாடுனீங்க?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் முழித்தாரா அழுதாரா என்று சொல்ல முடியாது. தலையை ஆட்டினார், இல்லை என்று.

"ஒனக்காக இல்ல ருக்கு. நீ கத்துறத என்னால கேக்க முடியல. எங்கயாவது ஓடிப்போயிரலாம்னா காலு நகர மாட்டேங்குது. ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு, ஒன் சத்தம் கேக்காம இருக்கணும்னு என் தொண்டைய ஒசத்திப் பாடுனேன். எப்பிடிப் பொத்துனாலும் கொஞ்சம் கேக்கும். கேட்டா, உசுரு இருக்குன்னு தெரியும். இன்னைக்குக் காதுல இருந்து கைய எடுத்துப் பாத்தேன், சத்தமே இல்ல. நீ போயிட்டேன்னு நெனச்சேன்."

நர்ஸம்மா வேலையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் பேசியது கன்னடம், அவருக்குப் புரிந்திருக்காது. எனக்கு ஒரு நொடி ஏமாற்றமாக இருந்தது, மறைக்கவில்லை. இத்தனை நாள் நான் பிடித்துத் தொங்கிய கயிறு எனக்காகப் போட்டதே இல்லை. பிறகு, ஆஸ்பத்திரிச் சுவரோரம் காதைப் பொத்திக்கொண்டு பாடுகிற அந்த மனிதரை நினைத்துப் பார்த்தேன். அந்தப் பக்கம் அவர் கிடந்ததும் இந்தப் பக்கம் நான் கிடந்ததும் ஒரே கிடைதான். அழுகை வந்தது. வலிக்காமல் வந்த அழுகை அது.

டாக்டருக்கு எங்கள் பேச்சில் அக்கறை இல்லை. அவர் குனிந்து என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "தாண்டலை" என்றார். "நேற்று நின்ற இடத்திலேயே நிற்குது. ரெண்டு விரல் போகும். கை இருக்கும்."

இது நடந்து வருஷக்கணக்கு ஆகிவிட்டது. ரெண்டு விரலையும் வேறொரு நாள் மயக்கம் கொடுத்து எடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியது, எலும்பும் ஒரு மாதிரியாகக் கூடியது. மிச்ச மூன்று விரலால் நூல் பிடிக்கப் பழகிக்கொண்டேன். குழந்தை அதே இடுப்பில் உட்கார்ந்து வளர்ந்தாள். பேச்சியக்கா கால் ஆறி, எனக்கு முன்னாலேயே நடந்தே ஊருக்குப் போனாள். இதெல்லாம் பிறகு. அந்தக் காலை இன்னும் முடிந்திருக்கவில்லை.

டாக்டர் சட்டைக் கையைச் சுருட்டினார். "ஆனால் இன்றைக்குப் புண்ணுக்குள் செத்த சதை பூராவையும் எடுத்தாக வேண்டும். நேரம் ஆகும். வலிக்கும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு இவரைப் பார்த்தார். "உள்ளே வந்துட்டே இல்லே? சும்மா உட்காராதே. எழுந்திரு. முழங்கையை ஒரு கையால் பிடி, இந்த மூணு விரலை இன்னொரு கையால் பிடி. ஆடவே கூடாது. விட்டே, தொலைச்சிருவேன்."

இவர் எழுந்தார். அந்தப் புண்ணை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். உதடு வெளுத்துவிட்டது. பார்த்துக்கொண்டே இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார். கட்டுப் போட்ட அன்று பிடித்த மாதிரியே அவ்வளவு பதவிசாகப் பிடித்தார்.

டாக்டர் கத்தியை எடுத்தார்.

"பாடுங்க" என்றேன்.

"கையி ரெண்டும் இங்க இருக்கே ருக்கு" என்றார்.

"அதனால என்ன? பாடுங்க."

அவர் பாடினார். காதைப் பொத்திக்கொள்ள அவரிடம் கை இல்லை. நான் என் தொண்டை கொண்ட மட்டும் கத்தினேன்.